முதலாளியின் வயிறு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் என் தையல் மிஷினும் சுகம். மிஷினுக்கு மட்டும் கொஞ்சம் மூட்டு வலி, மிதித்தால் முனகுகிறது, எண்ணெய் போட்டிருக்கிறேன். நீ, அத்தான், உன் மகள் வாயாடி, எல்லோருக்கும் மேலாக நம் முதலாளி எப்படி இருக்கிறீர்கள்?

கையில் போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நீ சிரிப்பாய். அத்தான் போனில் "எல்லாரும் இருக்கோம், வைக்கிறேன்" என்பார். அதற்குள் அவருடைய பஸ் கிளம்பிவிடும். நீ பேசினால் ஊர்ப்பட்ட கதை பேசுவாய், நான் 'உம்' கொட்டுவதோடு சரி. காகிதத்தில்தான் எனக்கு வாய் முளைக்கிறது.

சட்டையைப் பற்றிய உன் புகார் வந்து சேர்ந்தது. "தோள் தொங்குது, கை தொங்குது, வயித்துல மட்டும் பட்டன் போட முடியல. நீயெல்லாம் ஒரு டெய்லராடா?" என்று எழுதியிருக்கிறாய். ஒன்றரை மாதப் பிள்ளைக்கு ஒன்றரை வயசு வயிறு இருந்தால் டெய்லர் என்ன செய்வான்? பார்க்க வந்த அன்றைக்கே சொன்னேன், இது பிள்ளை இல்லை, தொப்பையோடு வந்து இறங்கிய முதலாளி என்று. எல்லோரும் சிரித்தீர்கள். எதிர் வீட்டுக்காரர்கூட "நல்ல புஷ்டி" என்றார்.

இந்த முறை வயிற்றுக்கு மூன்று இஞ்சு கூட்டி இரண்டு சட்டை அனுப்புகிறேன். இதுவும் பத்தாது என்றால் முதலாளியைக் கொஞ்சம் நடக்கச் சொல்.

வாயாடிக்கு என் முத்தம். அத்தானுக்கு வணக்கம்.

உன் தம்பி


ஜனவரி 28

தம்பிக்கு,

சுகமா என்று முதலிலேயே கேட்டு வைக்கிறேன், பிறகு மறந்துபோகும். நாங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். இந்தக் கடிதத்தோடு வாயாடியையும் அத்தான் உன்னிடம் கொண்டு வருகிறார். கொஞ்ச நாள் பார்த்துக்கொள். அவள் பால் குடிக்க ஒரு மணி நேரம் ஆக்குவாள், நீ கோபப்படாதே.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் அவன் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். நான் "வாயுதான் சிஸ்டர், ஓமத்தண்ணி கொடுத்துக்கிட்டு இருக்கேன்" என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டர் ஸ்கேனுக்கு எழுதினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். வயிறு முழுக்கத் தண்ணீராம். அதில் குடல் மிதக்கிறதாம்.

அங்கிருந்து இந்தப் பெரிய ஆஸ்பத்திரி. ஊசி போட்டு அந்தத் தண்ணீரை எடுத்தார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள், நான் போகவில்லை. டியூப்பில் வந்தது தண்ணீர் இல்லையடா, பால். வெள்ளை வெளேரென்று பால். நான் கொடுத்த பால் இரைப்பையில் ஓட்டை விழுந்து வயிற்றுக்குள் கொட்டிவிட்டது என்று நினைத்துக் கத்திவிட்டேன்.

டாக்டர் உட்கார வைத்து விளக்கினார். ரத்தக் குழாய் மாதிரியே உடம்பில் இன்னொரு குழாய் வலை இருக்கிறதாம், நிணநீர்க் குழாய் என்கிறார். நாம் சாப்பிடுகிற கொழுப்பைக் குடலிலிருந்து அதுதான் சுமந்துபோய் ரத்தத்தில் சேர்க்குமாம். இவனுக்கு அது கருவிலேயே சரியாக உருவாகவில்லை, எங்கேயோ கசிகிறது. கொழுப்பு கலந்த நிணநீர்தான் அப்படி வெள்ளையாக இருக்கிறது. குடிக்கக் குடிக்கக் கசிவு கூடும்.

"அதனால தாய்ப்பால நிறுத்தணும்மா" என்றார்.

நான் கேட்டதையே திரும்பக் கேட்டேன். அவர் சொன்னதையே திரும்பச் சொன்னார்.

அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கு,

வாயாடி நலம். கட்டிங் டேபிளுக்கு அடியில் குடித்தனம் வைத்திருக்கிறாள். வாடிக்கையாளர்களிடம் "இன்னும் தைக்கலே, நாளைக்கு வாங்க" என்று எனக்கு முன்னால் அவளே சொல்லி அனுப்புகிறாள். சாப்பாட்டில் குறை இல்லை. நீ கவலைப்படாதே.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. தினமும் பத்துப் பேருடைய உடம்பில் டேப்பை வைக்கிறவன் நான். தோள் சிறுத்து, கை மெலிந்து, வயிறு மட்டும் பெருத்திருந்தால் அது புஷ்டி இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலாளி என்று பட்டம் கட்டிச் சிரித்தேன். நான் சிரித்ததால் நீங்களும் சிரித்தீர்கள். இனி அந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன்.

எனக்கு மருந்தும் தெரியாது, குழாயும் தெரியாது. அளவு ஒன்றுதான் புரியும். ஆகவே ஒவ்வொரு கடிதத்திலும் வயிற்றின் அளவை எழுது. தொப்புளுக்கு நேராக டேப்பைச் சுற்றி, இறுக்காமல், தொங்கவிடாமல், அவன் மூச்சு விட்ட பிறகு எடுக்க வேண்டும். எனக்கு அது போதும். பக்கத்தில் இருப்பது மாதிரி இருக்கும்.

நான் வந்துவிடட்டுமா? வாயாடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

தம்பி


பிப்ரவரி 21

தம்பி,

வாயாடியைக் கட்டிக்கொண்டேன் என்று அவளிடம் சொல். நீ வர வேண்டாம். வார்டுக்குள் ஒரு ஆளைத்தான் விடுகிறார்கள். அத்தானே டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டுப் போகிறார். பிள்ளையை வைத்துக்கொண்டு நீங்களும் அங்கே நின்று என்ன ஆகப் போகிறது?

அளவு கேட்டிருந்தாய். நீ சொல்லித்தர வேண்டியதில்லை, இங்கே தினமும் காலையில் நர்ஸ் அதைத்தான் செய்கிறாள். இடம் மாறக்கூடாது என்று தொப்புள் பக்கத்தில் பேனாவால் கோடுகூடப் போட்டிருக்கிறாள். வந்தபோது பத்தொன்பது இஞ்சு. இப்போது பதினேழரை. சந்தோஷப்படு.

புதுப் பால்மாவு கொடுக்கிறோம். அதில் இருக்கிற கொழுப்பு வேறு ஜாதியாம். நிணநீர்க் குழாய்ப் பக்கமே போகாமல் நேராக ரத்தத்தில் கலந்துவிடுமாம். ஒரே மருந்து வாடை. முதல் நாள் துப்பினான், இரண்டாம் நாள் என்னை முறைத்தான், மூன்றாம் நாள் பசி ஜெயித்தது.

பாலை என்ன செய்கிறாய் என்று நீ கேட்க மாட்டாய், ஆம்பளைப் பிள்ளை. நானே சொல்கிறேன். கீழ்த்தளத்தில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். வேளை தவறாமல் பம்ப் வைத்து எடுத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். எனக்கு நன்றாகச் சுரக்கிறது, அதுதான் கொடுமை. அடுத்த கட்டிலுக்கு ஒரு பெண் பிள்ளை வந்தது, எலிக்குஞ்சு மாதிரி. இப்போது கன்னம் வைத்துவிட்டது. "உங்க பால் ராசியான பால்" என்கிறாள் அதன் அம்மா. நான் ஊருக்கெல்லாம் பால்காரி ஆகிவிட்டேன். என் பிள்ளைக்குத்தான் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

இன்னொன்று. அவனை முதலாளி என்றே எழுது. நீ சிரிப்பதை நிறுத்திவிட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


மார்ச் 16

தம்பி,

இங்கே எல்லோரும் சௌகரியம். நீயும் வாயாடியும் சௌகரியம்தானே? எழுத நேரம் கிடைக்கவில்லை.

குடலுக்கு ஓய்வு வேண்டும் என்று வாய் வழியாக எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு மெல்லிய குழாய் வைத்து ரத்தத்திலேயே சத்தெல்லாம் ஏற்றுகிறார்கள். கசிவைக் குறைக்க ஒரு ஊசி மருந்தும் போகிறது. எல்லாம் நல்லபடியாக நடக்கிறது.

அளவு அதே பதினேழரைதான்.

முதலாளி சுகம். மற்றவை பின்.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். முதலாளி வாய் வழியாக எதுவுமே சாப்பிடாமல் இருக்கிறார் என்று வாயாடியிடம் சொன்னேன். "அப்ப எனக்கும் பால் வேணாம்" என்று டம்ளரைத் தள்ளிவிட்டாள். நல்ல தம்பிப் பாசம்! பிறகு பிஸ்கட்டைக் காட்டியதும் பாசம் கலைந்துவிட்டது.

நீ எழுதிய அளவுக்கே ஒரு சட்டை தைத்து அனுப்புகிறேன். மஞ்சள் நிறம், முன்பக்கம் திறப்பு. குழாயெல்லாம் இருக்கும் என்பதால் பட்டனுக்குப் பதிலாக நாடா வைத்திருக்கிறேன். போட்டுப் பார்த்து எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

வேறு ஒன்றுமில்லை.

தம்பி


ஏப்ரல் 3

தம்பி,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

சட்டை வந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாக இருக்கிறது. மஞ்சள் அவனுக்கு எடுப்பாக இருக்கிறது. நர்ஸ்கள் எல்லோரும் யார் தைத்தது என்று கேட்டார்கள். என் தம்பி என்று சொன்னேன்.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

வாயாடி சுகம். நான் சுகமாக இல்லை.

அந்தச் சட்டையை நீ எழுதிய அளவுக்குத் தைக்கவில்லை. இரண்டு இஞ்சு குறைத்துத் தைத்தேன். வயிறு பதினேழரை என்பது உண்மையானால் அந்த இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று தொடாது, நாடாவும் குட்டை, கட்டவே முடியாது. நீயோ கச்சிதம் என்கிறாய். நீ அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டு என்னிடம் மறைக்கிறாய்.

வளர்கிற பிள்ளையின் அளவு ஒரு மாதம் முழுக்க அதே இடத்தில் நிற்காது. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். 'அதே பதினேழரை' என்று பார்த்ததும்தான் இப்படி ஒரு சட்டை வெட்டினேன். முழுப் பூசணிக்காயை நீ யாரிடம் சோற்றில் மறைக்கிறாய்? அத்தானிடம் கேட்டேன், "இருக்கான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் குரலே சரியில்லை.

உன்னைச் சோதித்துப் பார்த்தது தப்புதான். வந்து நாலு அறை கொடு. இப்போது உண்மையான அளவை எழுது.

தம்பி


ஏப்ரல் 21

தம்பி,

நீ என்னைவிட ஆறு வயது சின்னவன் என்பது சில நேரம் மறந்துபோகிறது. வாயாடியை நன்றாகப் பார்த்துக்கொள்வதற்கு உனக்குப் புண்ணியம் உண்டு.

இருபது இஞ்சு. நீ சட்டை அனுப்பியபோது இருபது. நேற்று இருபதரை. உன் மஞ்சள் சட்டையை அவன் மேல் விரித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் விலாவோடு நின்றுவிட்டன. அதை மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு உனக்குப் பொய் எழுதினேன்.

ஆனால் அளவை மறைத்தது உனக்காக இல்லையடா. அளவை எழுதினால் காரணத்தையும் எழுத வேண்டியிருக்கும். இதை இதுவரை அத்தானிடமும் சொல்லவில்லை.

அப்போது வாய் வழியாக எதுவும் கூடாது என்று நிறுத்திப் பத்து நாள் ஆகியிருந்தது. பசி என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, அவனுக்குத் தெரியும். ரத்தத்தில் சத்து ஏறுகிறது, பிள்ளைக்குப் பட்டினி இல்லை என்கிறார்கள். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இவனுக்கு வாயும் வயிறுமே வேறு வேறாகிவிட்டது. கையைச் சப்புவான், போர்வையைச் சப்புவான், என் தோளைச் சப்புவான். அழுது அழுது குரல் போய், வாய் மட்டும் அழும். ஒரு மத்தியானம் பால் எடுக்கக் கீழே கிளம்பினேன். துணி நனைந்துவிட்டது. என் தோளில் கிடந்தவன் அந்த வாசனைக்கு முகத்தைத் திருப்பித் தேடினான். நர்ஸ் மருந்து எடுக்கப் போயிருந்தாள். நான் திரையை இழுத்து மூடிவிட்டுக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு நிமிஷம்கூட இருக்காது. அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டு குடித்தான். யாரோ வருகிற சத்தம் கேட்டதும் பிடுங்கிவிட்டேன்.

மறுநாள் வயிறு ஏறியது. அதற்கு மறுநாள் இன்னும் ஏறியது. ஊசி வைத்து எடுத்தார்கள், திரும்ப நிரம்பிவிட்டது. மருந்து கேட்கவில்லை, ஆபரேஷன்தான் வழி, வயிற்றைத் திறந்து கசிகிற இடத்தைத் தேட வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள். மருந்து கேட்காமல் போகவில்லை, நான் கெடுத்தேன். இவ்வளவு சின்ன வயிற்றை என்னால் அறுக்கப் போகிறார்கள்.

என் வாய் உனக்குத் தெரியும், யாரையும் விடாது. டாக்டர் எதிரில் மட்டும் ஒட்டிக்கொள்கிறது.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

உடனே போய் டாக்டரிடம் சொல். இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் எழுந்து போ.

என்ன செய்துவிடுவார்? திட்டுவார். திட்டட்டும். எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. மருந்து வேலை செய்துகொண்டிருந்து, நீ கொடுத்த பாலால்தான் ஏறியிருந்தால், அவர்கள் அறுக்க வேண்டியதே இல்லையே! இன்னும் கொஞ்ச நாள் மருந்தையே கொடுத்துப் பார்க்கலாமே! துணியை வெட்டிவிட்டால் என்ன கெட்டிக்காரத் தையல்காரனாலும் வெட்டாத துணியாக்க முடியாது. யோசிப்பதெல்லாம் கத்தரி வைப்பதற்கு முன்னால்தான்.

நீ செய்தது தப்பா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பசித்த பிள்ளைக்குப் பெற்றவள் பால் கொடுத்தாள். இதைத் தப்பு என்று சொல்ல வேண்டிய ஒரு வியாதி இருக்கிறதே, அதைத்தான் திட்டத் தோன்றுகிறது.

முதலாளியிடம் சொல், மாமா கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் அவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று. வாயாடி என் மடியில் தூங்கிவிட்டாள். நலம்.

தம்பி


மே 11

தம்பி,

உங்கள் சுகத்துக்கு எழுது. இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டாக்டரிடம் சொன்னேன். நடைபாதையில் வழிமறித்து, எல்லோரும் பார்க்க, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் இவனுடைய அட்டவணையை எடுத்துக் காட்டினார். "பாருங்கம்மா, நீங்க கொடுத்ததா சொல்ற நாளுக்கு முன்னாடியே ஏற ஆரம்பிச்சிருக்கு. கொடுக்காம இருந்திருக்கணும், அது வேற. ஆனா ரெண்டு வாய்ப் பாலுக்கு மாசக்கணக்கா ஏறாது. மருந்து கேக்கல, அவ்வளவுதான். உங்க மேல தப்பு இல்ல."

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும் இல்லையா? அழுகையாக வந்தது. என் தப்பு என்றால் திருத்திக்கொள்ளலாம் என்று இத்தனை நாளும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. இனிமேல் கொடுக்கமாட்டேன், கண்டிப்பாக இருப்பேன், சரியாகிவிடும் என்று. யார் மேலும் தப்பில்லை என்றால் நான் எதைத்தான் திருத்துவது? யாரைப் போய்க் கேட்பது?

"ஏன் இவனுக்கு வந்துச்சு?" என்றேன். "தெரியலம்மா" என்றார். "சில பிள்ளைங்களுக்குத் தானா நின்னுடும். ஏன் நிக்குதுன்னும் தெரியாது." இவ்வளவு படித்தவர் ஒளிக்காமல் சொல்கிறாரே என்று மரியாதையாகத்தான் இருந்தது. பிறகு அத்தானிடம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

நாளைக்கு ஆபரேஷன். இதைக் கேள். கசிகிற இடம் சும்மா பார்த்தால் தெரியாதாம், நிறமில்லாத தண்ணீராகத்தான் இருக்குமாம். கொழுப்பு உள்ளே போனால்தான் வெள்ளையாகக் கசியும், இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அதனால் சில மணி நேரத்துக்கு முன்னால் அவனுக்குப் பால் கொடுக்க வேண்டும். "தாய்ப்பாலே நல்லது" என்றார். நான்கு மாதம் விஷம் என்று தடுத்த பாலை இவர்களே கேட்கிறார்கள், ஓட்டை எங்கே என்று பார்க்க.

அளந்துதான் போக வேண்டும் என்று மூக்கில் போட்ட குழாய் வழியாகவே ஊற்றுவார்கள். நான் எடுத்துத் தர வேண்டும், அவ்வளவுதான். தருகிறேன். ஆனால் அவன் நாக்கில் ஒரு சொட்டுப் படாது.

அத்தான் போனில் ஏதாவது சொன்னால் முழுதாகக் கேள்.

அக்கா


ஜூன் 9

தம்பி,

உன் மூன்று கடிதமும் தலையணைக்கு அடியில் இருக்கிறது. பதில் போடவில்லை என்று வருத்தப்படாதே. வாயாடி வரைந்து அனுப்பிய பஸ் படத்தை அத்தான் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். நீங்கள் இருவரும் சுகமாக இருங்கள்.

அத்தான் உன்னிடம் "முடிஞ்சுது, இருக்கான்" என்று மட்டும் சொல்லியிருப்பார். நடந்தது இதுதான். திறந்து பார்த்தார்கள். ஓரிடம் இருந்தால் தைத்துவிடலாம் என்றிருந்தார்கள். ஓரிடம் இல்லையாம், குடலைத் தாங்குகிற அடிப்பகுதி முழுக்க வியர்வை மாதிரி வெள்ளையாகத் துளிர்த்துக்கொண்டு இருந்ததாம். தைக்க முடிந்த இடத்தைத் தைத்து, முடியாத இடத்தில் பசை போட்டு மூடினார்கள். ஒரு வாரம் குறைந்தது. அந்த ஒரு வாரமும் நான் உனக்கு எழுதியிருக்கலாம். கண் படும் என்று எழுதவில்லை. பிறகு காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி. மருந்தை மாற்றினார்கள், திரும்ப மாற்றினார்கள். வயிறும் பழையபடி ஏறிவிட்டது. கால், கை, கண் இமைகூட வீங்கியிருக்கிறது. உடம்பில் இருக்கிற சத்தெல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறதாம்.

ஆனால் இன்றைக்கு ஒரு நல்ல நாள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

காலையில் டாக்டர் வந்தார். கூட யாரையும் கூட்டிவரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், இதுவரை அவர் உட்கார்ந்ததே இல்லை. அவன் காலைத் தடவிக்கொண்டே, "பால் கொடுங்கம்மா" என்றார்.

"எவ்வளவு எடுக்கணும் டாக்டர்? இன்னொரு ஆபரேஷனா?"

"எடுக்க வேணாம். நீங்களே மடில போட்டுக் கொடுங்க."

"எந்த டெஸ்டுக்கு?"

"டெஸ்ட் இல்லம்மா. சும்மாத்தான். அவனுக்குப் பிடிக்கும்ல."

நான் அவரைப் பார்த்தேன். அவர் எழுந்து நாற்காலியை இருந்த இடத்திலேயே சரியாகக் கொண்டுபோய்ப் போட்டார்.

எங்களைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இருக்கிறது. குழாயையெல்லாம் எடுத்துவிட்டார்கள், மூக்கில் இருந்ததையும். அவன் முகம் முழுதாக எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. மூக்கு அப்படியே உன்னுடையது. அத்தானையும் உள்ளே விட்டுவிட்டார்கள். எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருக்கலாமாம். அவர் ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்றைக்கு அளவெடுக்க நர்ஸ் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. வாயாடியைக் கூட்டிக்கொண்டு வா. கடிதத்துக்குப் பதில் எழுதிக்கொண்டு இருக்காதே, வா. இதை இன்றைக்கே அத்தானின் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். சின்னப் பிள்ளையையும் உள்ளே விடுவார்கள், கேட்டுவிட்டேன்.

அவனுக்கு மறக்கவில்லையடா. இத்தனை மாதம் கழித்தும் முகத்தைத் திருப்பித் தானாகவே தேடிப் பிடித்துக்கொண்டான். அவசரம் அவசரமாகக் குடித்துப் புரையேறிவிட்டது. தட்டிக்கொடுத்தால் இருமிக்கொண்டே திரும்பவும் தேடுகிறான். எவனோ வந்து பிடுங்கிவிடுவான் என்று பயம்.

"மெதுவாக் குடிடா ராஜா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். "இனிமே உனக்கு யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க."

அக்கா